ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலும் 4.4 மதிப்பெண்ணும்

2010 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வளசரவாக்கம் வீட்டில், கம்ப்யூட்டரோடு செருகியிருந்த இரண்டு மலிவான ஸ்பீக்கர்களில் ஒரு புது ஆல்பத்தை ஓடவிட்டேன். முதல் பாட்டு ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது ஆரம்பித்ததுமே அம்மா சமையலறையிலிருந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். "ஞாயித்துக்கிழமையாவது சும்மா இருக்க மாட்டாங்களா? பக்கத்து வீட்ல டைல்ஸ் வெட்றாங்க போல" என்றார். ஜன்னலைச் சாத்தியும் சத்தம் குறையவில்லை. கொஞ்ச நேரம் குழம்பி நின்றவர், அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

பாட்டின் பெயர் 'ஸ்டெப்பின் அப்'. பாடியவர் எம்.ஐ.ஏ. டிரில் மெஷின் சத்தத்தையே தாளமாக வைத்துக் கட்டிய பாட்டு. அம்மா ஏமாந்ததில் தப்பே இல்லை.

அந்த வாரம் அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதிப் பேர் சொன்னது அம்மா சொன்னதைத்தான்: சத்தம், சத்தம், வெறும் சத்தம். ஆனால் அம்மாவுக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. பாடுவது யாரென்றே அம்மாவுக்குத் தெரியாது. காதில் விழுந்ததை மட்டும் வைத்துச் சொன்னார். விமர்சகர்களுக்கோ ஆல்பம் கைக்கு வரும் முன்பே அவரைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. அவர் எந்த ஹோட்டலில் என்ன தின்றார் என்பது உட்பட.

அந்தத் தீனிக் கதையைப் பிறகு சொல்கிறேன். அவரைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி.

மாதங்கி மாயா அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்கு நடுவே வளர்ந்து, சில காலம் நம்ம சென்னையிலும் இருந்து, பத்துப் பதினோரு வயதில் அகதியாக மறுபடி லண்டன் போனவர். அப்பா ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இயக்கப் பெயர் அருளர். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், 'அருளர்'. 2007-ல் வந்த இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர், 'கலா'. மூன்றாவது, 2010-ல் வந்தது, தன் பெயரிலேயே 'மாயா'. அதையும் நேராக எழுதாமல் சாய்கோடுகளை அடுக்கி எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் எம், ஏ எழுத்துகள் போலத் தெரியும், ஆனால் தேடுபொறியில் அடித்துத் தேட முடியாது. அட்டையில் அவர் முகம் முழுக்க யூட்யூப் வீடியோவின் அடியில் ஓடுமே, அந்தச் சிவப்புக் கோட்டுப் பட்டைகள். இடையில் கண்கள் மட்டும்.

'கலா'வை இங்கே பலர் கவனித்ததற்குக் காரணம் உண்டு. அதன் ஒரு பகுதி சென்னையில், ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டூடியோவில் பதிவானது. உறுமிக்காரர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி 'பேர்ட் ஃப்ளூ' என்று ஒரு பாட்டுச் செய்தார். முதல் பாட்டான 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' ஒலித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை கேட்டபோது வேறு ஏதாவது ஜன்னல் பிரவுசரில் திறந்திருக்கிறதோ என்று தேடினேன். அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. துப்பாக்கிச் சத்தமும் கடையில் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் சேர்ந்த கோரஸ், விசா எடுக்க நிற்பவர்களைப் பற்றி வெள்ளைக்காரர்களுக்கு இருக்கும் பயத்தைக் கிண்டலடிக்கும் பாட்டு. அதை வெள்ளைக்காரப் பிள்ளைகளே கை தூக்கிப் பாடினார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2007-ன் சிறந்த ஆல்பமாக 'கலா'வைத் தேர்ந்தெடுத்தது.

2009 பிப்ரவரியில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். 8-ஆம் தேதி கிராமி மேடை. மருத்துவர் பிரசவத்துக்குக் குறித்த நாளும் அதுதான். நிறைமாத வயிற்றோடு, உடம்போடு ஒட்டிய உடையில் ஜே-சி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. என்று நான்கு பேருக்கு நடுவில் நின்று பாடினார். மூன்று நாளில் குழந்தை பிறந்தது. அதே மாதம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரஹ்மானோடு செய்த 'ஓ சாயா' ஆஸ்கருக்குப் போட்டியிட்டது. விருது அதே படத்தின் 'ஜெய் ஹோ'வுக்குப் போனது. அதே வாரங்களில் வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த இடமெல்லாம் அதைச் சொன்னார் இவர். மே மாதத்தோடு எல்லாம் முடிந்துபோனது.

இந்த உச்சத்திலிருந்து பதினேழே மாதத்தில் 'மாயா' வந்தது.

மெட்டாக்ரிட்டிக் என்று ஒரு தளம் இருக்கிறது. பத்திரிகைகள் கொடுக்கும் நட்சத்திரங்கள், எழுத்து கிரேடுகள், பத்துக்கு இத்தனை என்பதையெல்லாம் நூற்றுக்கு மாற்றி, முக்கியமான பத்திரிகைக்குக் கொஞ்சம் கூடுதல் எடை வைத்து சராசரி எடுப்பார்கள். அதில் 'அருளர்' 88, 'கலா' 87, 'மாயா' 68. நம் ஊர்க் கணக்கில் 68 என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ், வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுப்பார்கள். அந்தத் தளத்தின் கணக்கிலும் அது 'பொதுவாக நல்ல வரவேற்பு' என்ற பிரிவில்தான் வரும். ஆனால் 88, 87 என்று எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை 68 எடுத்தால் அது ஃபெயில் மாதிரித்தான் பேசப்படும். பத்துக்கு மதிப்பெண் போடும் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளத்தில் விழுந்தது இன்னும் பலமான அடி. அங்கே 'அருளர்' 8.6, 'கலா' 8.9. 'மாயா'வுக்கு 4.4. ஒரு தசம புள்ளியில் பாட்டுக்காரர்களின் தலையெழுத்தை மாற்றும் பலம் அந்தத் தளத்துக்கு அப்போது இருந்தது. 4.4 என்பது ஏறக்குறைய வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது.

எல்லோரும் அடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரோலிங் ஸ்டோன் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தது. 1960-களின் கடைசியிலிருந்து ஆல்பங்களுக்குப் பள்ளிக்கூட கிரேடு போட்டுவரும் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 'ஏ' போட்டார். அந்த ஆண்டின் பெரிய கம்பெனி வெளியீடுகளில் இவ்வளவு பேரை இரண்டு பக்கமாகப் பிரித்தது வேறு இல்லை என்கிற மாதிரி என்டர்டெயின்மென்ட் வீக்லி எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அதுவரை அவருக்குக் கிடைத்த சிறந்த இடமும் இந்த ஆல்பத்துக்குத்தான்: 9. பாராட்டு குவிந்த 'கலா' 18-ஐத் தாண்டவில்லை.

சரி, தீனிக் கதை.

ஆல்பம் வருவதற்கு ஏழு வாரம் முன்பு, மே கடைசியில், நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் லின் ஹெர்ஷ்பெர்க் என்ற மூத்த பத்திரிகையாளர் எம்.ஐ.ஏ. பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கூர்மையான கட்டுரை, படிக்கச் சுவையானது. இன்றைக்கும் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் படிக்கலாம், இரண்டு வகையிலும். அதன் மையம் ஒன்றுதான்: புரட்சி பேசுகிறார், பணக்கார வீட்டுக்குப் போகிறார். அதை வாதமாகச் சொல்லவில்லை, ஒரு காட்சியாகக் காட்டினார். தான் எப்போதும் வெளியாளாகவே இருக்க விரும்புவதாக எம்.ஐ.ஏ. சொல்கிறார், சொல்லும்போது ட்ரஃபிள் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவல் ஒன்றை எடுத்துத் தின்கிறார். அவ்வளவுதான் வாக்கியம். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளான், விலை கொள்ளை. அதன் எண்ணெயில் நாலு சொட்டு பட்டாலே வறுவலின் விலை ஏறிவிடும். அந்த ஒரு வறுவல் துண்டில் ஆளே முடிந்தார்.

எம்.ஐ.ஏ. இதற்குப் பதில் சொன்ன விதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்தப் பத்திரிகையாளரின் தொலைபேசி எண்ணை ட்விட்டரில் போட்டார். அது அசிங்கமான காரியம். ஆனால் அடுத்து அவர் செய்தது சுவாரசியமானது. பேட்டியின்போது அவரும் ஒரு ரெக்கார்டர் வைத்திருந்தார். அந்தப் பதிவை வெளியிட்டார். அந்த வறுவலை வரவழைக்கலாம் என்று சொன்னதே பேட்டி எடுத்தவர் என்பது அதில் கேட்டது. பேட்டியில் வேறு வேறு இடங்களில் சொன்ன வாக்கியங்களைக் கட்டுரை ஒரே மேற்கோளாக ஒட்டியிருந்தது என்பதும் தெரியவந்து, பத்திரிகை ஆசிரியர் குறிப்பு ஒன்று போட்டது. ஆனால் திருத்தம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வறுவல்தான் ஞாபகம் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான்; இந்தக் கட்டுரைத் தலைப்பையே பாருங்கள்.

ஜூலையில் நான் படித்த விமர்சனங்களில் பலவற்றில் இந்தச் சண்டை முதல் பத்தியிலோ இரண்டாம் பத்தியிலோ வந்து உட்கார்ந்திருந்தது. பாட்டுக்கு வருவதற்கு முன் ஆளைப் பற்றி ஒரு தீர்ப்பு. அப்புறம் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி தேடுவது போலப் பாட்டைக் கேட்பது. 'கலா' வந்தபோதும் அவரது அரசியல் இப்படித்தான் அரைகுறையாக, கோஷமாக, முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. அப்போது அதை 'ஆற்றல்' என்றார்கள். 2010-ல் அதையே 'குழப்பம்' என்றார்கள். மாறியது பாட்டுக்காரரா, கேட்டவரா? இரண்டும் என்பேன். ஆனால் கேட்டவர் மாறியதை யாரும் தன் விமர்சனத்தில் எழுதவில்லை.

'லவலாட்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. 2010 மார்ச்சில் மாஸ்கோ மெட்ரோ ரயிலில் குண்டாக வெடித்த பதினேழு வயது தாகெஸ்தான் பெண்ணின் புகைப்படத்திலிருந்து பிறந்த பாட்டு. கணவனோடு, ஆளுக்கொரு கைத்துப்பாக்கியோடு அந்தப் பெண் நிற்கும் படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்திருந்தது. பாட்டின் பல்லவியில் 'நான் நிறைய நேசிக்கிறேன்' என்பதை எம்.ஐ.ஏ. தன் லண்டன் உச்சரிப்பில் இழுத்துச் சொல்லும்போது கடைசிச் சொல் 'அல்லா' என்று காதில் விழும். வேண்டுமென்றே செய்ததுதான். இதை மலிவான அதிர்ச்சி வைத்தியம் என்றும் சொல்லலாம். பயந்துபோன காது எதைக் கேட்கும் என்று அந்தக் காதுக்கே காட்டும் வேலை என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் அந்தப் பாட்டை நான் அடிக்கடி கேட்பதில்லை. யோசனை பாட்டை விடப் பெரிதாக இருக்கிறது, சட்டை பெரிதாகி உள்ளே பிள்ளை தொலைந்துபோன மாதிரி.

இந்த இடத்தில் எங்கள் மாடி வீட்டு அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளசரவாக்கத்தில் அப்போது ஈழத்துக் குடும்பங்கள் நிறைய. எங்கள் மாடியில் குடியிருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், கனடாவுக்கு விசா எதிர்பார்த்து வருஷக்கணக்கில் காத்திருந்தவர். எம்.ஐ.ஏ. என்ற பெயர் அவருக்குத் தெரியும். 'அருளர்ட மகள்' என்பார். பாட்டுக் கேட்டதில்லை.

அந்த ஏப்ரலில் ஆல்பத்தின் 'பார்ன் ஃப்ரீ' பாட்டுக்கு ஒரு வீடியோ வந்திருந்தது. ஒன்பது நிமிஷம், ரோமெய்ன் காவ்ராஸ் இயக்கியது. அமெரிக்கப் படையுடையில் வருகிறவர்கள் வீடு வீடாகப் புகுந்து செம்பட்டைத் தலைமுடி உள்ள இளைஞர்களை மட்டும் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பாலைவனத்தில் இறக்குகிறார்கள். ஒரு சிறுவனைத் தலையில் சுடுகிறார்கள். மற்றவர்களைக் கண்ணிவெடி வயலில் ஓடவிடுகிறார்கள். யூட்யூப் அதை எடுத்துவிட்டது. வேறொரு தளத்தில் கிடைத்ததை அண்ணைக்குப் போட்டுக் காட்டினேன். அசையாமல் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்:

"ஏன் தம்பி, செம்பட்டைத் தலைப் பொடியளைப் பிடிக்கினம்?"

உருவகம், இன ஒடுக்குமுறையை வெள்ளைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி அவர்கள் முகத்தை வைத்தே காட்டுகிறார் என்று விளக்கினேன். சினிமா விமர்சனம் எழுதுபவன் தோரணையில்தான் விளக்கினேன்.

"அப்ப எங்கட பொடியளையே காட்டியிருக்கலாம்தானே" என்றார்.

பதில் சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டேன். ஏனென்றால் காட்டியிருந்தார்கள். முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒரு வீடியோ ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்டு, நிர்வாணமாக்கப்பட்டவர்களைச் சுடும் காட்சி. பொய்யாகத் தயாரித்தது என்று இலங்கை அரசு மறுத்தது. எம்.ஐ.ஏ. அதையும் ட்விட்டரில் பகிர்ந்திருந்தார். பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. போலி ரத்தமும் தக்காளிச் சாஸும் பூசிய வீடியோவுக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட நிஜ வீடியோவுக்கு வரவில்லையே என்று அவரே பின்னால் பேட்டிகளில் கேட்டார். விமர்சகர்கள் அந்த வீடியோவை 'மண்டையில் அடித்த மாதிரி இருக்கிறது, நுட்பம் இல்லை' என்று சொன்னார்கள். சரியான குற்றச்சாட்டுதான். அண்ணையும் வேறு வார்த்தையில் அதையே சொன்னார் என்று நினைக்கிறேன்: சுற்றி வளைக்காதே. ஆனால் ஒருவருக்கு அது மிகையாக இருந்தது, இன்னொருவருக்குப் போதாமல் இருந்தது.

அந்தப் பாட்டு மட்டும் தனியாக நிற்கக்கூடியது. நியூயார்க்கின் 'சூசைட்' என்ற இருவர் குழு 1977-ல் செய்த 'கோஸ்ட் ரைடர்' பாட்டின் கீபோர்டு இரைச்சலை அப்படியே எடுத்து, மேலே டிரம்ஸை ஓடவிட்டு, அதற்கும் மேலே எதிரொலியில் கரைந்த குரலில் கத்துகிறார். என்ன சொல்கிறார் என்று பாதி புரியாது. மாடிப்படியில் யாரோ ஓடி வருகிற மாதிரி ஒரு பதற்றம் மட்டும் நான்கு நிமிஷமும் இருக்கும்.

அப்புறம் 2013 ஜூன் வந்தது.

'மாயா'வின் முதல் பாட்டு 'தி மெசேஜ்', ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது என்று சொன்னேனே, அதில் பாடுவது எம்.ஐ.ஏ. இல்லை, அவருடைய சகோதரர். கால் எலும்பு முழங்கால் எலும்போடு சேரும் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு பழைய பாட்டு உண்டே, அந்த மாதிரி அடுக்கிக்கொண்டே போவார்: தலை ஹெட்ஃபோனோடு, ஹெட்ஃபோன் ஐபோனோடு, ஐபோன் இன்டர்நெட்டோடு, இன்டர்நெட் கூகுளோடு, கூகுள் அரசாங்கத்தோடு. 2010-ல் இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் பெஞ்சில் கிறுக்குகிற மாதிரியான சதிக் கோட்பாடு என்று ஒதுக்கினார்கள். நானும்தான் சிரித்தேன். ஒரு பேட்டியில் அவர் கூகுளையும் ஃபேஸ்புக்கையும் சிஐஏதான் உருவாக்கியது என்கிற அளவுக்குப் போனது சிரிப்பைச் சுலபமாக்கியது.

2013 ஜூன் முதல் வாரத்தில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் கார்டியனிலும் வாஷிங்டன் போஸ்ட்டிலும் வரத் தொடங்கின. பிரிசம் என்ற அமெரிக்க உளவுத் திட்டம். அதில் பெயர் சொல்லப்பட்ட நிறுவனங்களில் கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் எல்லாம் இருந்தன. 'அன்றே சொன்னார் எம்.ஐ.ஏ.' என்று இணையம் முழுக்கப் பேச்சு.

அதே ஜூனில், ஸ்னோடன் செய்தி சூடாக இருக்கும்போதே, 18-ஆம் தேதி கான்யே வெஸ்டின் 'யீசஸ்' வந்தது. பட்டறை இரைச்சல், அறுந்த ஒலிகள், மெட்டை வேண்டுமென்றே முறித்துப்போடுவது. கேட்கும்போதே அம்மா ஜன்னலைச் சாத்துவார் என்று தெரிந்ததால் இந்தத் தடவை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டேன். பிட்ச்ஃபோர்க் அதற்கு 9.5 கொடுத்தது. துணிச்சல், கலகம், பாப் இசையின் எல்லையை உடைத்தது என்றெல்லாம் எல்லாப் பக்கத்திலும் எழுதினார்கள்.

ஆக 2010-ல் சிரிப்புக்கிடமான விஷயம், 2010-ல் தாங்க முடியாத சத்தம், இரண்டுமே ஒரே மாதத்தில் மரியாதைக்குரியவை ஆகிவிட்டன. இதைப் பார்த்ததும் எனக்கு உடனே வந்த ஆசை, பழைய 4.4 விமர்சனத்தைத் தேடி எடுத்து ஒரு பதிவு எழுதிக் கிழித்துத் தோரணம் கட்டுவது. எழுதவும் ஆரம்பித்தேன். இரண்டு பத்தி ஆனதும் ஆல்பத்தை மறுபடி முழுதாகக் கேட்டேன். பதிவை அழித்துவிட்டேன்.

காரணம் எளிது. கூகுள் விஷயத்தில் சரியாகச் சொன்னதால் 'தி மெசேஜ்' நல்ல பாட்டாகிவிடவில்லை. ஜோசியம் பலித்தது, அவ்வளவுதான். பாட்டு அப்போதும் அரைகுறை, இப்போதும் அரைகுறை. அதுவும் பாதி ஜோசியம்தான். அரசாங்கம் கூகுளிடமிருந்து எடுக்கிறது என்பது வேறு, அரசாங்கமே கூகுளைப் படைத்தது என்பது வேறு. 'அன்றே சொன்னார்' பட்டத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும். 2020-ல் அவர் தடுப்பூசிக்கு எதிராக எழுதியதைப் படித்தபோது, நல்லவேளை, அந்தப் பட்டமளிப்பு விழாப் பதிவை நான் வெளியிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

'யீசஸ்' ஒப்பீடும் முழுக்க நியாயமில்லை. அந்த ஆல்பத்தில் இரைச்சலுக்கு நடுவே எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். பத்தே பாட்டு, நாற்பது நிமிஷம். 'மாயா'வில் 'டெக்கிலா' என்று ஒரு பாட்டு ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. மூன்றாவது நிமிஷத்தில் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது அதற்கே தெரிகிறது, ஆனாலும் கிளம்ப மறுக்கும் விருந்தாளி போல உட்கார்ந்திருக்கிறது. 'ஸ்டோரி டு பி டோல்ட்' கேட்டு முடித்த ஐந்தாவது நிமிஷம் ஞாபகத்தில் நிற்காது. பிட்ச்ஃபோர்க்காரர் குறை சொன்ன இடங்களில் பாதி குறை நிஜமாகவே இருக்கிறது. ஆட வைக்கும் பாட்டு இல்லை என்பது நிஜம். உறுமி போட்டு ஆட வைத்தவரிடம் அதை எதிர்பார்ப்பது தப்பில்லை.

ஆனால் 'ஸ்டெப்பின் அப்' பற்றி எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவே வராது. அந்தப் பாட்டில் டிரில் சத்தம் அலங்காரம் இல்லை. ஹெட்ஃபோனில் நன்றாகக் கேட்டால் தெரியும்: சுருதி மாறி மாறி வரும் மூன்று நான்கு வகை டிரில்கள் கேள்வி பதில் போலப் பேசிக்கொள்ளும். ரஸ்கோ என்ற பிரிட்டிஷ்காரரோடு செய்தது; அவருடையது டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசை. அப்போது அமெரிக்கக் காதுகளுக்கு டப்ஸ்டெப் சரியாகப் பழகியிருக்கவில்லை. இரண்டே வருஷத்தில் கார் விளம்பரம் வரைக்கும் அந்தச் சத்தம் வந்துவிட்டது. 'மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்' பாட்டில் ஸ்லே பெல்ஸ் குழுவின் டெரெக் மில்லர் வாசிக்கும் கிட்டார், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பயமுறுத்தும். கிழியவில்லை, அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள். 'டெல் மீ வொய்' பாட்டில் அமெரிக்காவின் தென் மாநிலத்துத் தேவாலயக் கூட்டுப்பாடகர்களின் பழைய பதிவு ஒன்று பின்னால் திரும்பத் திரும்ப வரும். அதை முதல் தடவை கேட்டபோது, எங்கோ மார்கழி பஜனைக் கோஷ்டி தெரு முனை திரும்பி வருகிற மாதிரி இருந்தது. இதெல்லாம் 4.4 இல்லை. 9.5-உம் இல்லை. எண் கேட்டால் சொல்ல மாட்டேன். தசம புள்ளி போட்டுப் பாட்டை அளக்கும் வித்தை எனக்குக் கைவரவில்லை.

ஒன்றை மட்டும் அந்த விமர்சகர்களுக்குச் சாதகமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.ஐ.ஏ.வே அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டாரோ என்னவோ, அதே 2010 டிசம்பர் 31-ஆம் தேதி 'விக்கி லீக்ஸ்' என்று பெண் பெயர் போல எழுதிய ஒரு மிக்ஸ்டேப்பை, அதாவது பாட்டுத் தொகுப்பை, இலவசமாக இணையத்தில் போட்டார். அதில் கோபம் அதேதான், சத்தமும் அதேதான், ஆனால் இந்தத் தடவை காலும் ஆடியது. 'பேட் கேர்ள்ஸ்' அதிலிருந்துதான் வந்தது. மொராக்கோ பாலைவனத்தில் சாய்ந்து இரண்டே சக்கரத்தில் ஓடும் கார்மேல் உட்கார்ந்து அவர் நகம் சீவும் வீடியோ, அதே ரோமெய்ன் காவ்ராஸ் எடுத்தது, 2012-ல் வந்தபோது ஜூலையில் திட்டிய அதே ஆட்கள் கைதட்டினார்கள். இரண்டாவது தடவை கேட்டபோதே எனக்கும் தெரிந்துவிட்டது, 'மாயா'வில் இல்லாதது எது என்று.

மாடி வீட்டு அண்ணைக்கு அப்புறம் விசா கிடைத்து ஸ்கார்பரோ போய்விட்டார்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பினால், அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போனதோடு விஷயம் முடியவில்லை. ஆல்பம் ஓடிக்கொண்டே இருந்தது. ஏழாவது பாட்டு வந்தது, 'இட் டேக்ஸ் எ மஸில்'. ரெகே தாளம், மெதுவான மெட்டு, இரைச்சலே இல்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"இது நல்லா இருக்கேடா. இதைப் பாடுறது வேற பொண்ணா?"

இல்லம்மா, அதே பெண்தான் என்றேன். நம்பாமல் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "அப்ப இப்படியே பாட வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொத்த ஆல்பத்திலும் அவருடையதல்லாத ஒரே பாட்டு அதுதான். 1982-ல் 'ஸ்பெக்ட்ரல் டிஸ்ப்ளே' என்ற டச்சுக் குழு பாடியதை எடுத்துப் பாடியிருந்தார். அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.